அதுக்கு முன்னாடி?

அந்த வருடக் கிறிஸ்துமஸ் நாடகத்தை நான்தான் எழுதப்போகிறேன் என்று சொன்னதும் அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“யாரு பையன்?”

“பையன்லாம் யாரும் இல்லம்மா.”

“ஒருத்தனும் இல்லாமயா ஞாயித்துக்கெயம பூரா கோயில்லயே குந்திகினு இருக்கப்போற?”

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் பொறியியல் முடித்துவிட்டு, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் வேலை. பைக்குகளுக்குப் போகும் இரும்பு உதிரிகளை அளந்து பார்த்து, தேறுமா தேறாதா என்று பிரித்துப்போட வேண்டும். நல்லதாகத்தான் இருக்கும் என்று நினைத்து எதையும் எடுக்கக் கூடாது. தப்பு எங்கேயோ ஒளிந்திருக்கிறது என்று நினைத்துத்தான் கையில் எடுக்கவே வேண்டும். வேலை முடிந்து மின்சார ரயில் பிடித்து நெமிலிச்சேரியில் வந்து இறங்கினாலும் அந்தப் புத்தி கூடவே இறங்கிவரும். தெருவில் யாராவது சிரித்தால், எதற்காகச் சிரிக்கிறார் என்று யோசித்துக்கொண்டே வீடுவரை நடப்பேன்.

எங்கள் கோயிலில் ஆண்டுதோறும் ஒரே நாடகம்தான். தலையில் குளியல் துண்டு, முகத்தில் பஞ்சுத் தாடி, “வருக, வருக” என்று செந்தமிழ். நானே பல வருடம் ஆடாக நடித்திருக்கிறேன். மாதாவும் அவர் கணவரும் தங்க இடம் கிடைக்காமல் அலையும் அந்தக் கதையை எங்கள் தெருக்களிலேயே நடப்பதாக எழுத வேண்டும் என்று எனக்கு ஆசை. நிறைமாதக் கர்ப்பிணியும் அவள் புருஷனும் பட்டாபிராம் பக்கம் வாடகைக்கு வீடு தேடுகிறார்கள். ஒவ்வொரு வாசலிலும் கேள்விகள். எத்தனை பேர், என்ன வேலை, சொந்தக்காரர்கள் அடிக்கடி வருவார்களா, கருவாடு சமைப்பீர்களா.

அந்தக் கேள்விகளை நான் யோசித்து எழுதவில்லை. சின்ன வயதிலிருந்து அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டவை. கடைசியாக ஒன்று வரும்: “நீங்க இன்னா ஆளுங்க?” அம்மா, “கிறிஸ்டியன்ங்க” என்பாள். “அது கழுத்துல தெரிது. அதுக்கு முன்னாடி?” என்பார்கள். அப்படிக் கேட்டவர்களில் சிலர் கழுத்திலும் ஜெபமாலை இருந்தது. நாடகத்தின் உச்சமாக இதைத்தான் வைத்திருந்தேன். புருஷன் “கிறிஸ்டியன்ங்க” என்பான். வீட்டுக்காரர், “அதுக்கு முன்னாடி?” என்பார். இருவரும் பதில் சொல்லாமல் திரும்பி நடப்பார்கள்.

எழுதியதைப் படித்துவிட்டு, கோயில் நிர்வாகத்தைக் கவனிக்கும் பங்குப் பேரவையின் செயலாளர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். ஆவடியில் அரசு உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். அப்போதே எனக்குச் சரியாகப் படவில்லை.

“பிரமாதம்மா. இப்படி யாரும் எழுதினதே இல்ல.”

நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன்.

“அந்த ஒரு வரிய மட்டும் எடுத்துடு. அதுக்கு முன்னாடி, அதுக்குப் பின்னாடின்னு வருதே, அது.”

“அது இல்லன்னா நாடகமே இல்ல அங்கிள்.”

“சின்னப் பொண்ணு, மொதல்ல நல்ல பேரு எடு. புதுசா செய்றதெல்லாம் அப்புறம் நிதானமா செஞ்சுக்கலாம். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

நான் எடுக்கவில்லை. அவரும் அதன்பிறகு ஒன்றும் சொல்லவில்லை. பேசாமல் இருந்ததுதான் என்னைப் பயமுறுத்தியது.

ஒத்திகை தொடங்கிய சில நாட்களில் எங்கள் வீட்டுக்காரர் என்னைப் படிக்கட்டில் நிறுத்தினார். அவர்கள் கீழே, நாங்கள் மேலே. அவரும் எங்கள் கோயில் பங்குதான். பூசையில் எப்போதும் இரண்டாவது வரிசை.

“நாடகம் எழுதுறியாமே. ஊடு, ஊட்டுக்காரன்லாம் வருதாமே?”

“சும்மா கதை அங்கிள்.”

“கதைதான். கதைதான்” என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார். ஒத்திகையை நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டுதான் செய்தோம். யாரோ கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள்.

முதல் சந்தேகம் என் நண்பன் மேல். பள்ளியிலிருந்து கூடப் படித்தவன், பட்டாபிராமில் மொபைல் கடை வைத்திருந்தான். நாடகத்தில் அவன்தான் கடைசி வாசல் வீட்டுக்காரர். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் வாய் ஓயாமல் பேசுகிறவன். அடுத்தது, எனக்குப் புருஷனாக நடித்த பையன். மூன்றாவது செயலாளர். முழுப் பிரதி இந்த மூவரிடம்தான் இருந்தது. யார் என்று கண்டுபிடிக்கக் கம்பெனிப் புத்தி ஒரு வழி சொன்னது. திருத்திய பிரதி என்று சொல்லி ஆளுக்கொன்று புதிதாக எடுத்துக் கொடுத்தேன். நாடகத்து வீட்டுக்காரர் நண்பனின் பிரதியில் நாய் வளர்ப்பார். புருஷனின் பிரதியில் மீன் தொட்டி வைத்திருப்பார். செயலாளரின் பிரதியில் கிளி. எந்தப் பிராணி வெளியே வருகிறதோ, அந்த ஆள்தான் என்று முடிவுசெய்து காத்திருந்தேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வரும்போது வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து நடந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அந்த ஊட்டுக்காரன் மாடில புறா வளக்கறானாமே?”

எனக்கு நடை நின்றுவிட்டது.

“நான் புறா வளக்கலியே. அப்ப அது நான் இல்லதான?” என்றார். அதட்டலாகத் தொடங்கியவர், முடிக்கும்போது என்னிடம் உறுதி கேட்பதுபோல் நின்றார்.

புறா யாருடைய பிரதியிலும் இல்லை. யாருக்கும் காட்டாமல் நான் முதன்முதலில் எழுதிய கைப்பிரதியில் மட்டும் இருந்தது. அது எங்கள் வீட்டுப் பீரோவில், என் துணிகளுக்கு அடியில் கிடந்தது.

வீட்டுக்குப் போனபோது அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

“நீதான் சொன்னியா?”

எதை என்று அவள் கேட்கவில்லை. “ஆமா. நான்தான் சொன்னேன். எடுத்துப் படிச்சேன், கீழ போய் அவர் பொண்டாட்டிகிட்ட சொன்னேன். இன்னா இப்போ?”

“ஏம்மா?”

“மேடைல மொத தபா கேட்டான்னா, மறுநாளே காலி பண்ணுன்னுவான். முன்னாடியே காதுல போட்டுட்டா யோசிச்சிகினு கெடப்பான். கோவம் ஆறிப்பூடும். வேற ஊடு தேடி வாசல் வாசலா நின்னு பதில் சொல்றவ நான். நீயா சொல்லப்போற?”

“அப்ப என் மேல நம்பிக்கை இல்ல.”

“உன்ன நம்பறேன். உன் நாடகத்ததான் நம்பல” என்றாள். பிறகு மீன் செதில் ஒட்டிய கையோடு, “அந்த வரிய எடுக்காத. நான் பதில் சொல்லாம திரும்பினதே இல்ல. நீயாவது மேடைல திரும்பு” என்றாள்.

நாடகத்தன்று கோயில் மைதானம் நிறைந்திருந்தது. வீட்டுக்காரர் இங்கேயும் இரண்டாவது வரிசையில், மனைவியோடு. வயிற்றில் தலையணை கட்டிக்கொண்டு நான் திரைக்குப் பின்னால் நின்றபோது, பைக் நிறுத்தும் இடத்தில் செயலாளர் என் நண்பனின் தோளில் கைபோட்டு ஏதோ சொல்லிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். நண்பன் தலையை ஆட்டினான். போய்க் கேட்க நேரமில்லை, மணி அடித்துவிட்டார்கள்.

முதல் வாசல், இரண்டாவது வாசல் எல்லாவற்றுக்கும் சிரிப்பு. கருவாட்டுக்குக் கைதட்டல்கூட விழுந்தது. கடைசி வாசல் நண்பனுடையது.

“நீங்க இன்னா ஆளுங்க?” என்றான்.

“கிறிஸ்டியன்ங்க” என்றான் புருஷனாக நடித்தவன்.

நண்பன் கூட்டத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்க்காமல், “செரி, ஊட்ல கலந்து பேசிட்டு சொல்றேன்” என்று சொல்லி உள்ளே போகத் திரும்பினான்.

விட்டிருந்தால் நாடகம் அதோடு முடிந்திருக்கும். என்ன செய்கிறோம் என்று தெரியாமலேயே இரண்டடி முன்னால் வந்து, “அவ்ளோதானா? வேற ஒண்ணும் கேக்கலியே நீங்க” என்றேன்.

அவன் அப்படியே நின்றான். செயலாளர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். அப்போது பின்வரிசையில், பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

“அதுக்கு முன்னாடின்னு கேப்பாங்கம்மா! எங்கள கேட்டாங்க!”

யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எங்கள் கதை அவளுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. அங்கே உட்கார்ந்திருந்த இன்னும் சிலர், “ஆமா, எங்களையும்” என்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. நான் புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு, பதில் சொல்லாமல் திரும்பி நடந்தேன். முன்வரிசைகளில் ஒரு தலைகூட அசையவில்லை. அம்மா பெண்கள் பக்கத்தில் எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

திரைக்குப் பின்னால் நண்பனின் சட்டையைப் பிடித்தேன்.

“ஏன்டா உட்ட?”

“மறந்துட்டேன் மச்சி. சத்தியமா.”

“அந்த ஒரு வரியவா?”

“மேடைல ஏறி நின்னாதான் தெரியும் உனக்கு.”

“நானும் மேடைலதான்டா நின்னேன்.”

நாங்கள் காலி செய்யச் சொல்லி ஆள் வரும் என்று காத்திருந்தோம். யாரும் வரவில்லை. காலையில் தண்ணீர் மோட்டார் வழக்கம்போல ஓடியது. அதையும் நம்பாமல், அம்மா சில நாள் குடத்தில் பிடித்து வைத்துக்கொண்டாள். ஒரு நாள் வீட்டுக்காரரே அவளைக் கூப்பிட்டு, “பின்தெருக்காரனத்தான உங்க பொண்ணு போட்டுச்சு? கரெக்டா போட்டுச்சு” என்றார். பின்தெரு வீட்டுக்காரர், அது எங்கள் வீட்டுக்காரர்தான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டோம்.

அடுத்த வருடம் செயலாளர் குளியல் துண்டு நாடகத்துக்கே திரும்பிவிட்டார். என்னைக் கூப்பிடவில்லை. நாங்கள் சிலர் சேர்ந்து அம்பத்தூரில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் நாடகம் போட ஆரம்பித்தோம். கொஞ்ச காலம் கழித்து வேலையையும் விட்டேன். பேங்க் பரீட்சை எழுது, கல்யாணம் செய்துகொள், எழுதுவதை ஓய்வுநேரத்தில் வைத்துக்கொள் என்று சொல்லாத ஆளில்லை. கேட்டுக்கொண்டேன். செய்யவில்லை. இப்போது நாடகம்தான் என் பிழைப்பு.

நண்பன் இன்றும் எங்களோடுதான் நடிக்கிறான். அவனைவிட நல்ல நடிகன் இந்தப் பக்கத்தில் கிடையாது. போன வருடம் ரயிலில் வரும்போது அவனாகவே அந்தப் பேச்சை எடுத்தான்.

“அன்னிக்கு நீ சமாளிப்பேன்னு தெரியும் மச்சி. அதான் உட்டேன்.”

“மறந்துட்டேன்னு சொன்னியே.”

“அப்ப அப்படிச் சொன்னேன்.”

அவன் சொன்ன இரண்டில் எதையும் நான் நம்பவில்லை. செயலாளர் அன்று அவனிடம் என்ன சொன்னார் என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “வண்டிய தள்ளி உடுன்னாரு” என்றான்.

ஒத்திகையில் ஒரு வரி பிசகாமல் சொல்கிறான். ஆனாலும் அவன் மேடையேறும் நாட்களில் நான் திரை ஓரத்தைவிட்டு நகர்வதில்லை. கடைசி வரி வரும்வரை அவன் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.