மாமாவும் பத்து பவுண்டு பந்தும்

ஒன்பது வயதில் நான் ஒரு பந்தோடு காய் விட்டேன். கிரிக்கெட் பந்து இல்லை, பௌலிங் பந்து. மால்களில் வழுவழுப்பான லேனில் உருட்டிவிட்டு, கடைசியில் நிற்கும் பத்துக் கட்டைகளைச் சாய்ப்பார்களே, அது. கருநீல நிறம், மூன்று விரல் ஓட்டைகள், பத்து பவுண்டு கனம். பெங்களூரில் எங்கள் மர்பி டவுன் வீட்டுக்குள் அதற்கு முன் வந்த பெரிய உருண்டை என்றால் ஆயுதபூஜைப் பூசணிக்காய்தான். அதையாவது உடைத்துவிடுவார்கள்.

கொண்டுவந்தவர் என் தாய்மாமா. எங்களோடுதான் இருந்தார். விழுந்த கட்டைகளைத் திரும்ப நிறுத்தி வைக்கும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பது அவர் வேலை. சனி, ஞாயிறு மூச்சுவிட நேரம் இருக்காது, செவ்வாய்க்கிழமைதான் விடுமுறை. அந்தச் செவ்வாய் மாலை முழுக்க முழுக்க என்னுடையது. பள்ளி வாசலிலேயே ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு அல்சூர் ஏரிக்குப் போவார். ஆளுக்கு ஒரு பொட்டலம் காரப்பொரி. கொக்கு ஏன் ஒற்றைக் காலில் நிற்கிறது, அந்தக் கால் வலித்தால் என்ன செய்யும் என்று நான் கேட்கிற எல்லாவற்றுக்கும் பதில் சொல்வார். தெரியாவிட்டால் சொந்தமாக ஒன்றைச் செய்து சொல்வார்.

பந்து வந்த செவ்வாயன்று பள்ளி வாசலில் அம்மாதான் நின்றாள்.

வீட்டில் மாமா குளியலறை வாளியில் வெந்நீர் நிரப்பிப் பந்தை முக்கிவைத்துக்கொண்டிருந்தார். குழந்தையைக் குளிப்பாட்டுகிறவள் போல முழங்கையால் சூடு பார்த்தார். "சூடு ஜாஸ்தியானா வெடிச்சிடும் பாப்பா" என்றார். எனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட அந்தக் குரலை நான் கேட்டதில்லை.

"யாருது மாமா?"

"கூட வேலை செய்யறவங்களோடது. வெளையாட வர்றவங்களுக்கு ஷூ வாடகைக்குக் குடுக்கற கவுண்டர்ல இருக்காங்க. யாரோ கஸ்டமர் ஊரைவிட்டுப் போறப்ப குடுத்துட்டுப் போயிட்டாராம். ரெண்டு மாசத்துல ஸ்டாஃபுக்கெல்லாம் மேட்ச் இருக்கு. மெஷின்ல தேய்க்க எதுக்கு வெளிய குடுக்கணும், நானே கையால தேச்சுத் தரேன்னு சொல்லிட்டேன்."

லேனில் எண்ணெய் பூசியிருப்பார்கள். பந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துவிடும். குடித்த பந்து பிடிப்பில்லாமல் வழுக்கும். திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாது. அதனால் முதல் செவ்வாய் எண்ணெய் எடுப்பதற்கே போனது. பாத்திரம் கழுவும் சோப்பில் குளியல், துடைப்பு, மறுபடி குளியல். துவட்டியது என் பூப்போட்ட துண்டால். நான் அழுதேன். "பழசுதானேடி" என்றாள் அம்மா.

அடுத்த செவ்வாய் தேய்ப்பு. சும்மாடு மாதிரி சுருட்டிய துணியில் பந்தை உட்காரவைத்து, தண்ணீர் தெளித்து, வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளால் வட்டம் வட்டமாகத் தேய்க்க வேண்டும். முதலில் ஐந்நூறாம் எண் தாள், பிறகு ஆயிரம், பிறகு இரண்டாயிரம். எண் ஏற ஏறத் தாள் மென்மையாகும். பந்துக்கு நான்கு பக்கம். ஒவ்வொரு பக்கத்துக்கும் சரியாக எண்பது சுற்று. ஒரு பக்கம் கூடிக் குறைந்தால் பந்து ஒரு தரம் போன மாதிரி மறுதரம் போகாதாம். ஆகவே மாமா வாய்விட்டு எண்ணினார்.

"மாமா, இன்னிக்காவது ஏரிக்குப் போலாமா?"

"நாப்பத்தி ஒண்ணு, நாப்பத்தி ரெண்டு..."

"மாமா!"

"அடிப்பாவி, எண்ணிக்கை போச்சு பாரு! போ, போய் ஹோம்வொர்க் எழுது."

வாழ்நாளில் மாமா என்னை விரட்டியது அன்றுதான். அந்த உருண்டைக்குக் காது இல்லை, வாய் இல்லை, கொக்கைப் பற்றி ஒரு கேள்வி கேட்கத் தெரியாது. அதற்கு எண்பது எண்பதாக நான்கு பக்கமும் தடவல், எனக்கு ஹோம்வொர்க்.

மாலை ஐந்து மணிக்குப் பந்து பட்டுப்போல ஆகிவிட்டது. மெருகு போடத் துணி வாங்கிவர மாமா கடைக்குப் போனார். ஆறு மணிக்கு அந்த ஷூ கவுண்டர் அக்கா வந்து எடுத்துப்போவதாக ஏற்பாடு. நான் குளியலறைக்குள் போய்த் தாழிட்டேன். ஓரத்தில் ஈரமாகக் கிடந்த ஐந்நூறாம் எண் தாளை எடுத்தேன். எண்ணவெல்லாம் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே இடத்தில் வறட்டு வறட்டென்று இழுத்தேன். பட்டின் நடுவே உள்ளங்கையளவு சொறி கிளம்பியது. மனம் குளிர்ந்தது. தாளைப் பழைய இடத்திலேயே போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

மாமாவும் அவரும் வாசலில் ஒன்றாகவே வந்து சேர்ந்தார்கள். அந்த அக்காவுக்கு வீடு பக்கத்தில் ஜீவனஹள்ளியாம். மெலிந்த உடம்பு, பெரிய சிரிப்பு. மாமா பந்தை ஏந்திவந்து நீட்டினார். அவர் ஓட்டைகளில் விரல் நுழைத்துத் தூக்கிப் பார்த்தார். "அய்யோ, ஏனாய்த்து, என்னாச்சு இதுக்கு?" என்று கன்னடமும் தமிழுமாகக் கேட்டார்.

மாமா பார்த்தார். பந்தின் கருநீலச் சேறு அப்பியிருந்த என் நகங்களையும் பார்த்தார். நான் கையைப் பாவாடைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"அது... நான்தாங்க. அவசரத்துல பேப்பர் மாத்தி எடுத்துட்டேன்."

எனக்காக மாமா பொய் சொல்லிவிட்டார்! அப்படியானால் என் கட்சிதான். பந்தை இப்போதே திருப்பிக் கொடுத்துவிடுவார். பொழுது சாய்வதற்குள் ஏரிக்குப் போய்விடலாம்.

"இப்ப என்ன பண்றது?" என்றார் அவர்.

"அந்த இடத்தை மட்டும் தேய்ச்சா சரிப்படாதுங்க. மொதல்லேருந்து பண்ணணும்."

"எவ்ளோ நாள் ஆவும்?"

மாமா கூரையைப் பார்த்து யோசித்தார். "ஒரு நாலு செவ்வாக்கிழமை."

"ஒரு பந்துக்காடா?" என்று சமையலறையிலிருந்து அம்மா குரல் வந்தது. பிறகு எட்டிப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள். "ஆமாமா, ஆகும்" என்று சொல்லிவிட்டுக் காப்பி போடப் போனாள்.

"நீங்க ஒருத்தரே தேய்ச்சா அப்பறம் எண்ணிக்கை தப்பிடும். எனக்கும் செவ்வாக்கிழமைதான் ஆஃப். நான் வந்து எண்ணறேன்" என்றார் அவர்.

வந்தார். நான்கு செவ்வாயும் வந்தார். முற்றத்தில் இரண்டு முக்காலி போட்டாள் அம்மா. மாமா தேய்ப்பார், அவர் எண்ணுவார். முப்பதைத் தாண்டுவதற்குள் அவர் எதையாவது சொல்வார், மாமா சிரிப்பார், எண்ணிக்கை போய்விடும். "சரி, திரும்ப ஒண்ணுலேருந்து" என்பார் மாமா. யாரும் யாரையும் ஹோம்வொர்க் எழுத அனுப்பவில்லை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் மட்டும் அம்மாவுக்குக் கொத்தமல்லி தீர்ந்துவிடும், தீப்பெட்டி தீர்ந்துவிடும், கடைக்கு ஓடவேண்டியது நான்தான்.

ஒருவர் தேய்த்தபோது இரண்டே செவ்வாயில் முடிந்த வேலை, இருவர் சேர்ந்தபோது நான்கு ஆனது. நாலாம் வகுப்புக் கணக்குப்படி பாதியாகக் குறைந்திருக்க வேண்டும். தலையைப் பிய்த்துக்கொண்டு யோசித்ததில் எனக்குக் கிடைத்த விடை ஒன்றுதான்: நான் இழுத்த கீறல் அவ்வளவு ஆழம். பெரியவர்கள் இருவர் ஒரு மாதம் மல்லுக்கட்டியும் போகாத கீறல் என்று வகுப்பில் பக்கத்துப் பெண்ணிடம் மட்டும் சொல்லி, அந்த மாதம் முழுக்க ரகசியமாகப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.