சுவரிலேயே தொங்கிய மசோதா

"அவங்ககிட்டயே காசு வாங்கிக்கிட்டு அவங்களையே எப்படிம்மா தட்டிக் கேப்பீங்க?"

சட்டசபைக் குழுவின் தலைவர் எல்வுட் டட்டன் வியாழக்கிழமை இப்படிக் கேட்டபோது ஜினெட் ஃபூர்னியே கையிலிருந்த காகிதங்களைப் புரட்டிப் பதில் தேடினாள். மேசையைச் சுற்றியிருந்த உறுப்பினர்கள் சிரித்தார்கள். காப்பீட்டு நிறுவனத்தின் ஆள் மட்டும் சிரிக்காமல் குறிப்பெடுத்துக்கொண்டார்.

அமெரிக்காவின் வெர்மான்டில் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்தை உயர்த்த மாநில அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும். நிறுவனங்கள் அனுப்பும் காகிதங்களைப் படித்துப் பிழை பிடிப்பது ஜினெட்டின் வேலை. எண்ணூறு பக்கம், அறுபது நாள், ஒரே ஆள். போன வருடம் ஒரு பிழை அவள் கண்ணுக்குத் தப்பிவிட்டது. உயர்வு அமலுக்கு வந்தது. பள்ளிப் பேருந்து ஓட்டும் அவள் அண்ணன் ரேஜான் கட்ட முடியாமல் காப்பீட்டையே விட்டுவிட்டான். இப்போது நெஞ்சு வலியை வாயு என்று சொல்லிக்கொண்டு திரிகிறான்.

இன்னொரு ஆள் வேண்டும், அரசிடம் பணமில்லை. அந்தச் செலவில் ஒரு பங்கை நிறுவனங்களே கட்டட்டும் என்கிற மசோதா குழு அறைச் சுவரில் ஆணியில் தொங்கியது. எடுத்து விவாதிக்கும்வரை எல்லா மசோதாவும் அங்கேதான் தொங்கும். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் குழு அதைச் சபைக்கு அனுப்பாவிட்டால் அடுத்த ஜனவரியில் சபை மறுபடி கூடும்வரை அது செத்த மாதிரி.

வீடு திரும்பும் வழியில், சேற்றில் கார் சிக்கி நின்றபோதுதான் ஜினெட்டுக்குப் பதில் தோன்றியது. மறுநாள் பிற்பகல் மூன்றரை மணிக் கூட்டத்துக்கு அதோடு போனால், பாதி நாற்காலிகள் காலி.

"எங்க எல்லாரும்?"

"ராத்திரி உறைஞ்சு காலையில வெயில் அடிச்சிருச்சுல்ல, மேப்பிள் மரத்துல சாறு ஓடுது. தலைவரும் ரெண்டு பேரும் பாகு காய்ச்சப் போயிட்டாங்க," என்றாள் குழுவின் எழுத்தர் மேபல். "மரம் காத்திருக்குமா?"

"மசோதா மட்டும் காத்திருக்குமா?"

"அதுக்குச் சுவர் பழகிப்போச்சு, விடு."

ஓட்டெடுக்க ஆள் போதவில்லை. ஜினெட் நேரே எல்வுட்டின் கொட்டகைக்குக் காரை விட்டாள். ஆவிக்கு நடுவே அவர் கொதிக்கும் சாற்றின் நுரையை வழித்துக்கொண்டிருந்தார்.

"எல்வுட், உங்க பால் பண்ணையைச் சோதிக்க ஆள் வர்றாரே, அந்தச் செலவுக்குன்னு லைசென்ஸ் கட்டணம் யாரு கட்டுறா?"

"நான்தான்."

"அதுக்காக உங்கள சும்மா விட்டாரா?"

"எங்க விட்டார்! போன மாசம் ஒரு டேங்க் பாலைக் கீழ கொட்ட வெச்சார், பாவி." சொன்னவர் கரண்டியை நிறுத்தினார்.

"கட்டணம் கஜானாவுக்குப் போகுது, அவர் பைக்குப் போகல. எங்களுக்கும் அப்படித்தான்."

"இத நேத்தே சொல்லியிருக்கக் கூடாதா?"

"நேத்து எனக்குத் தோணல. இன்னிக்கு நீங்க இல்ல."

எல்வுட் கடிகாரத்தைப் பார்த்தார். மணி நாலே முக்கால். சட்டசபைக்கு முக்கால் மணி நேரப் பயணம்.

"ஜனவரியில முதல் வேலையா எடுத்துடறேன்," என்று சூடான பாகு ஒரு கோப்பை நீட்டினார்.

"அதுவரைக்கும் எண்ணூறு பக்கத்தையும் நீங்க வந்து படிங்க," என்றாள் ஜினெட். கோப்பையை அவள் வாங்கவில்லை.

திங்கட்கிழமை அடுத்த உயர்வுக்கான காகிதக் கட்டு வந்து சேர்ந்தது. இன்னமும் அவள் ஒருத்திதான் படிக்கிறாள். இதைப் படிக்கும் வெர்மான்ட்காரர்கள் தயவுசெய்து அந்த மசோதாவை எடுக்கும்படி உங்கள் தொகுதி உறுப்பினரிடம் சொல்லுங்கள். அவரைத் தெரியாதவர்கள், தெரிந்த ஒருவரிடமாவது ஜனவரிக்கு முன் சொல்லிவிடுங்கள்.