பூச்சாடிக்குப் பின்னால் என் கால்

ஊனமுற்றோர் உதவித்தொகை மனுவில் கால் தெரியும்படி போட்டோ ஒட்டவேண்டும். ராஜபாளையத்து ஸ்டுடியோக்காரர் மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் படங்களை எடுத்தே பழகியவர். போலியோவில் சூம்பிய என் காலைப் பூச்சாடியால் மறைத்துவிட்டார். நானும் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு ஒட்டிவிட்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆபீசில் அரைநாள் காத்திருந்த பிறகு, "படத்துல ஊனமே தெரியலியேம்மா" என்று கிளார்க் மனுவைத் திருப்பித் தந்தார். எதிரில் நின்ற என் காலை அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மறுபடியும் பஸ், மறுபடியும் ஸ்டுடியோ.

"அந்தச் சாடிய எடுத்துருங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, சேலையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்தேன். அவர் சங்கடத்தோடு கேமராவுக்குள் குனிந்தார்.

"செத்த சிரிம்மா" என்றார், வழக்கம்போல.

சிரித்தால் அதற்கும் திருப்பி அனுப்புவார்கள் என்று உதட்டை இறுக்கிக்கொண்டேன்.