துடைத்த கை

எங்கள் பக்கத்தில் யாருக்கும் எதையும் துடைக்காமல் கொடுக்க மாட்டோம். நாற்காலியோ, தட்டோ, கல்யாணப் பத்திரிகையோ, அதன்மேல் கரித்தூசி உட்கார்ந்திருக்கும் என்பது கைக்குத் தெரியும். திருவொற்றியூரில் பிறந்து வளர்ந்த என் கைக்கு அது மூளையைக் கேட்காமலே தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாக்கு என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

நாங்கள் ஐந்து பெண்கள். ராயபுரத்தில் ஒரு மாதா கோயிலின் பின்னால் இருக்கும் அறையில், ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பு முடிந்து பிள்ளைகள் போன பிறகு உட்கார்ந்து படம் வரைவோம். கலைக் கல்லூரி வாசலை யாரும் மிதித்ததில்லை. ஒருத்தி ஆஸ்பத்திரியில் ஆயா வேலை, ஒருத்தி தையல் கம்பெனி, நான் கன்டெய்னர் யார்டில் கேட் பாஸ் எழுதுகிறவள். எவளுக்கு வாய்ப்பு வந்தாலும் மற்ற நாலு பேரும் அவளுக்கு எடுபிடி என்று எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. படங்களைச் சுமப்பது, அவள் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது, அவள் வீட்டுக்காரரிடம் நைச்சியமாகப் பேசி அனுமதி வாங்குவது எல்லாம் எங்கள் பொறுப்பு. அந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவளே நான்தான்.

தையல் கம்பெனிக்காரி எங்களில் இளையவள். எண்ணூரில் வீடு. வெள்ளையடித்த பலகையை மொட்டைமாடியில் கிடத்தி, அதன்மேல் புருஷனின் டிபன் பாக்ஸையோ மகளின் செருப்பையோ வைத்து ஒரு மாதம் விட்டுவிடுவாள். அனல்மின் நிலையத்துச் சாம்பலும் துறைமுகத்துக் கரியும் விழுந்து பலகை கறுத்துவிடும். பொருளை எடுத்தால் அதன் வடிவம் மட்டும் வெள்ளையாக நிற்கும். அதுதான் படம். எதையாவது தெளித்து ஒட்டவைத்தால் நிறம் மாறிவிடும், அப்படியே கண்ணாடிக்குள் போட வேண்டும் என்பாள். முதல் தடவை பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. பதினைந்து வருஷமாகப் பேனாவால் கிரேன் கிரேனாக வரைகிறேன், எனக்கு இது தோன்றவில்லையே என்று.

அடையாறு பக்கம் ஒரு கண்காட்சிக் கூடத்தில், புதிதாக வரைய வந்த பெண்களுக்காக எங்கள் குழுவுக்கு ஒரு சுவர் கொடுத்தார்கள். ஒருத்தியின் படங்களுக்குத்தான் இடம். கை தூக்கி அவளைத் தேர்ந்தெடுத்தோம். நானும் தூக்கினேன்.

கண்ணாடி போடும் கடை என் தெருமுனையில். வியாழக்கிழமை வேலைக்குப் போகும் வழியில் மூன்று பலகைகளை ஒரு மீன் பெட்டிக்குள் வைத்து, ஷேர் ஆட்டோவில் மடியில் ஏந்திக்கொண்டு வந்தாள். என் மேஜைமேல் அவற்றை வரிசையாக எடுத்து வைத்தாள்.

"அக்கா, மூச்சுகூட பாத்து வுடு" என்று சிரித்துவிட்டு ஓடினாள். கடை திறக்க இன்னும் நேரம் இருந்தது.

யார்டிலிருந்து போன். ஏதோ லாரி நம்பர் தப்பாம். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசியபடியே மேஜையையும் அதன்மேல் இருந்ததையும் துடைத்தேன். கடைக்காரரிடம் கொடுக்கப் போகிற பொருள் அல்லவா. கையில் ஈரத்துணி. பேசி முடித்துக் குனிந்து பார்த்தபோது மூன்று பலகைகளும் பளிச்சென்று இருந்தன.

நான் அழவில்லை. துணியை அலசிக் கொடியில் போட்டேன். டீ போட்டுக் குடித்தேன், சர்க்கரை போட்டேனா என்று தெரியாது. பல் டாக்டர் ஊசி போட்ட தாடை மாதிரி உடம்பு முழுக்க மரத்திருந்தது. யார்டுக்குப் போய் அன்றைய கேட் பாஸ்களை ஒரு பிழை இல்லாமல் எழுதினேன்.

சாயந்திரம் அவள் வந்தாள். நான் பலகைகளைக் காட்டினேன்.

"தொடச்சிட்டியாக்கா?"

"ம்."

"ஈரத்துணியா?"

"ம்."

ஒரு பலகையை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். பிறகு, "வுடுக்கா. நானா இருந்தாலும் தொடச்சிருப்பேன்" என்றாள்.

அது ஐப்பசி. மழை பிடித்துவிட்டது. மழை விடும்வரை மாடியில் எதுவும் படியாது. கண்காட்சிக்கோ ஒன்பது நாள்தான் இருந்தது. இரண்டும் அவளுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேரும் உட்கார்ந்திருந்தபோது, விஷயம் கேள்விப்பட்டு அந்தக் கூடத்தை நடத்தும் அம்மா போன் செய்தார். "சுவரைக் காலியா விட முடியாதுங்க. உங்கள்ல வேற யாரோடதாவது தயாரா இருக்கா?"

ஆஸ்பத்திரிக்காரி என்னைப் பார்த்தாள். "உன்னுது நாலு, கண்ணாடி போட்டு கட்டிலுக்கு அடியில கீதே. இன்னாத்துக்கு பேஜாரு? அத்த மாட்டு."

முதலில் கை தூக்கியவள் தையல் கம்பெனிக்காரி. வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வேண்டுமென்றே துடைத்தேனா என்று அந்த வாரம் முழுக்க என்னையே கேட்டுப் பார்த்தேன். பஸ்ஸில் கேட்டேன், யார்டில் கேட்டேன்.

திறப்பு நாளில் ஏற்பாட்டின்படி நாலு பேரும் வந்தார்கள். அவள் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். கனமான இரண்டு படங்களை எலெக்ட்ரிக் ட்ரெயினில் அவள்தான் தூக்கி வந்தாள். நூல் பிடித்து உயரம் பார்த்து மாட்டியதும் அவள்தான். ஏசி ஓடும் கூடம். தரையில் முகம் தெரிந்தது.

ஆட்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், அவள் துப்பட்டாவின் நுனியை எடுத்து என் முதல் படத்தின் கண்ணாடியை மூலை மூலையாகத் துடைக்க ஆரம்பித்தாள்.

"இங்க ஏதுடி தூசி? வுடு" என்றேன்.

"தொடைக்காம குடுக்கலாமாக்கா?" என்று கேட்டுவிட்டு அடுத்த படத்துக்குப் போனாள்.

நாலையும் துடைத்தாள். முடித்ததும் பழக்கத்தில் துப்பட்டா நுனியைத் திருப்பிப் பார்த்தாள். அதில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. அதை அவள் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. உள்ளே வந்தவர்களில் யாரோ அதைச் சந்தோஷக் கண்ணீர் என்றார்கள். நான் மறுக்கவில்லை.