அரசாங்கக் கூடத்தில் இருளாயி சொன்ன பேர்

மலேசியாவின் ஈப்போவில் அந்த அரசாங்கக் கட்டடம் எழுபத்தெட்டில் எழும்பியது. பூச்சு இல்லை, சாயம் இல்லை, வெறும் சிமெண்டு. வெயிலுக்கு மறைப்பாம், ஜன்னல்களுக்கு முன்னால் உயர உயரமாகச் சிமெண்டுப் பலகைகளை நிறுத்தியிருந்தார்கள். உள்ளே இருப்பவர் வெளியே பார்க்கலாம். வெளியே நிற்பவருக்கு ஒரு முகமும் தெரியாது. படம் போட்டுக் கொடுத்தவன் கெட்டிக்காரன்தான், யாருக்குக் கட்டுகிறோம் என்று தெரிந்தே போட்டிருக்கிறான்.

இருளாயி அங்கே போனது, தடுப்புக்காவல் முகாமில் இருக்கும் புருஷனை முதல் தடவையாகப் பார்க்க அனுமதி கேட்டு. ரப்பர் தோட்டத்தை விற்றபோது, மாற்று வீடு தராமல் யாரும் வெளியேறக் கூடாது என்று கூட்டம் போட்டுப் பேசினார் அவர். விசாரணை கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது, பிடித்து அடைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து தோட்டத்துச் சனம் அவர் பேரையே எடுப்பதில்லை. பயம். இருளாயியும் எடுத்ததில்லை, ஆனால் அது வேறு சங்கதி. தாலி கட்டியவர் பேரைப் பெண்டாட்டி வாயால் சொல்வாளா?

பேரைச் சொல்வதற்கென்றே தம்பி பத்துமலையைக் கூட்டி வந்திருந்தாள். அவன் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தான்.

"எந்த இடுக்குல எவன் நின்னு பாக்குறானோ, தெரியலக்கா. மச்சான் பேர நான் சொன்னா என்னையும் அள்ளிக்கிட்டுப் போயிருவாங்க. நீ போயிட்டு வா."

சொல்லிவிட்டுத் தேத்தண்ணிக் கடைப் பக்கம் நழுவிவிட்டான், தடிமாடு.

உள்ளே கூரை அநியாயத்துக்கு உயரம். யாராவது இருமினால்கூடக் கூடம் முழுக்கக் கேட்டது. முகப்பு மேசையில் பெட்ரீசியா என்ற தமிழ்ப் பெண் உட்கார்ந்திருந்தாள்.

"வீட்டுக்காரர் பேரு என்னக்கா?"

"எங்க வீட்டுக்காரருதாம்மா."

"அப்படி எழுதினா அங்க யாரத் தேடுவாங்க? பேரு இல்லாம பாஸ் கெடைக்காதுக்கா. இன்னைக்கு விட்டா அடுத்த மாசந்தான்."

இருளாயி தாலியைப் பிடித்துக்கொண்டாள்.

"உடையப்பன்."

மெதுவாகத்தான் சொன்னாள். பாழாய்ப்போன கூரை அதை வாங்கிக் கூடம் முழுக்கப் பரப்பியது. பெஞ்சில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது. வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. பாஸ் கிடைத்துவிட்டது.

அந்தச் சனிக்கிழமை, கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவர் பாதியாக இளைத்துப்போய் வந்து நின்றார். கூடத்தில் நடந்ததைத்தான் அவள் முதலில் சொன்னாள்.

"மன்னிச்சிருங்க. எல்லாரு முன்னாலயும் உங்க பேரச் சொல்லிட்டேன்."

அவர் வலையோரம் நெருங்கி வந்தார்.

"இங்க நம்பரச் சொல்லித்தான் கூப்புடுறாங்க புள்ள. என் பேர நான் கேட்டு எம்புட்டு நாளாச்சு. எங்க, இன்னொரு தடவ சொல்லு."

வார்டர் பக்கத்திலேயே நின்றார். இருளாயி புருஷன் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.