பின்பாட்டு

ஒரகடம் ஃபேக்டரியில் எங்கள் லைனிலிருந்து போன பெட்டி ஒன்று பழுதென்று திரும்பி வந்திருந்தது. "கௌரிதான் செக் பண்ணாம அனுப்பிட்டா" என்றார் சூப்பர்வைசர். டார்கெட்டுக்காக அப்படி அனுப்பச் சொன்னவரே அவர்தான். பக்கத்தில் நின்ற செல்வம், "ஆமா சார், கௌரிதான்" என்றான்.

கௌரி சீறினாள். "இன்னாடா, அவருக்குப் பின்பாட்டு பாடிக்கினு கீறியா?"

எல்லாரும் சாதாரணமாகச் சொல்வதுதான். எனக்கு மட்டும் அந்த வார்த்தையைக் கேட்டால் அப்பா ஞாபகம் வரும்.

பிள்ளைப்பாக்கத்துக் கூத்தில் என் அப்பா பின்பாட்டுக்காரர். வேஷக்காரர் பாடும் அடியை, பின்னால் பெஞ்சில் இருக்கும் அவர் திருப்பிப் பாட வேண்டும். இல்லையென்றால் கூத்து நகராது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. விடிந்து, கூத்து முடியும் நேரம். ஊர்ப் பெரியவர் ஒருவர் கண்காட்ட, கோமாளி வேஷக்காரர் கூட்டத்திலிருந்த ஒரு பெண்ணைத் திருடி என்று பாட்டுக் கட்டினார். அவள் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். அப்பா கைத்தாளத்தை மடியில் வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். கோமாளி மறுபடி பாடினார். மத்தளம் காத்திருந்தது. மூன்றாம் முறை பாடும்போது கோமாளியின் குரல் கம்மியது. ஊர் தலைகுனிந்தது.

அதற்குப் பிறகு அப்பாவை எந்தக் கூத்துக்கும் கூப்பிடவில்லை.

"நீ சொல்லும்மா, கௌரிதானே?" சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார். அடுத்த மாதம் என் கான்ட்ராக்டை நீட்டிக்க அவர்தான் எழுதித் தர வேண்டும்.

கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை மேஜைமேல் வைத்தேன்.

"கௌரிதானே?"

இன்னும் ஒரு தடவை கேட்கட்டும்.