பிரேக்குக்குத் தேங்காண்ணெய்

இன்னிக்குக் காலையில மாம்பழச்சாலை சிக்னல்ல என் எலக்ட்ரிக் சைக்கிள்ல பிரேக் பிடிச்சேன். நிக்கல. முன்னாடி நின்ன ஆட்டோவுல மோதி விழுந்தேன். முட்டி பேந்துடுச்சு.

பக்கத்துக் கடைக்குத் தள்ளிட்டுப் போனேன். மெக்கானிக் பிரேக் டிஸ்க்கைத் தொட்டு மோந்து பார்த்தார்.

"தேங்காண்ணெய்ங்க! இதுல எண்ணெய் பட்டா எப்படிப் பிடிக்கும்? பிரேக் பேடை மாத்தித்தான் ஆகணும்."

அங்கேயிருந்தே வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, பிரேக்ல எண்ணெய் எப்படி வந்துச்சுன்னு கேட்டேன்.

"நான்தான் விட்டேன். விடியக்காலையில வாசல் சரிவுல நீ பிரேக் பிடிச்சா கீச்சுன்னு கத்துது. எனக்குத் தூக்கம் போகுதுல்ல?"

"நான் கீழ விழுந்துட்டேங்க."

"சரி, மாத்துறதுதான் மாத்துற, சத்தம் வராத பேடாப் பார்த்துப் போடச் சொல்லு."

போனை வச்சுட்டார்.

முட்டி எப்படி இருக்குன்னு கேக்க ஒரு ஆள் வேணும். அதான் இங்க போடுறேன்.